தென்றல் நகரும் ஒரு கட்டி உப்பு மண்ணும்

காரைக்காட்டின் நடுவே நாவல்குளம் இருந்தது. குளத்தின் கரை சின்னது. அதில் குடியிருந்த கூட்டமோ பெரியது. முயல் வளையின் வாசலில் அணில் வாலை உலர்த்தும். வெள்ளெலி தும்மினால் அடுத்த வளையில் ஆமை கண் விழிக்கும். ஒரு வீட்டுச் சண்டை முடிவதற்குள் அது என்ன சண்டை என்பது கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

தும்பை என்ற முயலுக்கு இந்த நெரிசல் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் தம்பூரா என்ற தவளையின் பாட்டை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தி சாய்ந்ததும் தொடங்குவான். விடிகிறவரை விடமாட்டான்.

"தம்பூரா அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பாடக் கூடாதா? எனக்குக் காது நீளம். எல்லாமே ரெட்டிப்பாக் கேட்குது."

"மழையைக் கூப்பிடுறேன் தங்கச்சி. மெதுவாக் கூப்பிட்டா அது எப்படி வரும்?" என்றான் தவளை.

மழை வரவில்லை. பாட்டு மட்டும் தவறாமல் வந்தது. நாளைக்குக் குட்டிகள் பிறந்தால் இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கும் என்று தும்பை கவலைப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓணான் செதிலன் வந்து சேர்ந்தான். நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"மேட்டுமேல தென்றல் நகர்னு புதுசா ஒரு குடியிருப்பு வருது. கரையான் காலி பண்ணிட்டுப் போன புத்துங்க வரிசையா நிக்குது. குடும்பத்துக்கு ஒரு புத்து. சுத்தி முள்வேலி. யார் வாலும் யார் மூக்குலயும் படாது. குளத்துக்கு மிக மிக அருகில்!"

தும்பை முன்னால் வந்தாள். "காத்து வருமா?"

ஓணான் தலையை ஆட்டினான்.

"தவளைப் பாட்டு கேட்காதே?"

அதற்கும் ஆட்டினான்.

"தண்ணிக்குக் கஷ்டப்பட வேண்டியதில்லையே?"

அதற்கும்தான்.

ஓணான் என்றால் தலையை ஆட்டும். வெயிலில் இருந்தாலும் ஆட்டும், நிழலில் இருந்தாலும் ஆட்டும், யாருமே எதுவுமே கேட்காவிட்டாலும் ஆட்டும். இது காட்டில் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரியும். ஆனால் புது வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் அது எப்படியோ மறந்துபோகிறது. வீட்டுக்கு விலையாக ஓணான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புற்றுக்குள் மிச்சமிருக்கும் கரையான்களை அவன் சாப்பிட விட வேண்டும், அவ்வளவுதான்.

"மேட்டுல இருந்து தினம் தினம் குளத்துக்கு எப்படி வந்து போறது?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"கொம்பையா எதுக்கு இருக்காரு?" என்றான் ஓணான்.

கொம்பையா அந்தக் காட்டுக் கடமான் கூட்டத்தின் தலைவர். நல்ல உயரம். தலையில் ஒரு மரமே முளைத்த மாதிரி கொம்பு. கடமான்களுக்கு உப்பு மண் என்றால் உயிர். குளத்தின் வடகரையில் உப்பு மண் திட்டு ஒன்று இருந்தது. ஆனால் குளம்பை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் கிளற முடியும்? முயலுக்கும் வெள்ளெலிக்கும் முள்ளம்பன்றிக்கும் நகம் இருந்தது. ஒரு கட்டி உப்பு மண்ணைத் தோண்டிக் கொடுத்தால் போதும், கடமான் முதுகில் ஏற்றிக்கொண்டு சொன்ன இடத்தில் இறக்கிவிடும்.

"ஒரு கட்டி மண்ணா? மண்ணுக்கா பஞ்சம்? அது தீரவே தீராது இல்லையா?" என்று சிரித்தாள் தும்பை.

ஓணான் இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான். தும்பை அன்றே மூட்டை கட்டிவிட்டாள்.

தென்றல் நகர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. புற்றுகள் ஒவ்வொன்றும் கடமானின் முதுகளவு உயரம். வாசலைத் தரையில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தரையில் யார் நடக்கப் போகிறார்கள்? கடமான் வந்து ஒட்டி நின்றால் முதுகிலிருந்து நேராக வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். ஆகவே எல்லோரும் புற்றின் உச்சியில் வாசலைக் குடைந்தார்கள். கீழே அடியோடு அடைத்துப் பூசிவிட்டார்கள். யார் வாசல் உயரம் என்பதில் போட்டிகூட நடந்தது.

காலையில் கொம்பையா வந்து "ஏறிக்கம்மா" என்பார். தும்பை ஏறிக்கொள்வாள். தென்றல் முகத்தில் அடிக்கும். பாதை மேட்டை விட்டு இறங்கி, பாறையைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, வளைந்து வளைந்து நெடுந்தூரம் போய்க் குளத்தை அடையும். வயிறு நிறையப் புல், வாய் நிறையத் தண்ணீர். பிறகு வடகரைக்குப் போய் இரண்டு கிளறு கிளறினால் ஒரு கட்டி உப்பு மண். மாலையில் மறுபடி ஊர்வலம்.

எதிர்வீட்டு முள்ளம்பன்றியம்மாவை நலம் விசாரிக்கப் போவதென்றாலும் தும்பை கொம்பையாவைத்தான் கூப்பிட்டாள். இரண்டு எட்டில் போய்விடும் இடம்தான். ஆனால் இங்கே இறங்கவும் முடியாது, அங்கே ஏறவும் முடியாது. மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். இரவும் பகலும் மேட்டில் குளம்புச் சத்தம் ஓயவில்லை. தவளைப் பாட்டு கேட்கவில்லை என்று தும்பை மகிழ்ந்துபோனாள். அந்தக் குளம்புச் சத்தத்தில் இடி இடித்தாலும் கேட்டிருக்காது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்துப் புற்றில் யாரோ குடிவந்திருந்தார்கள். வேலி உயரமாக இருந்ததாலும் அவர்கள் வெளியே தலைகாட்டாததாலும் யார் என்று தெரியவில்லை. "யாரா இருந்தா நமக்கென்ன?" என்று தும்பை இருந்துவிட்டாள். தொந்தரவு இல்லாத அயல்வீடு கிடைப்பது கொடுப்பினை இல்லையா?

இப்படியே சுகமாகக் காலம் ஓடியது. தும்பையின் இடுப்பில் ஒரு மடிப்பு விழுந்தது. முயலாகப் பிறந்தவள் ஓடியே பல நாள் ஆகியிருந்தது.

அடுத்த கோடையில் அவளுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. பஞ்சு உருண்டைகள். தும்பை அவற்றை மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்துப் பூரித்துப்போனாள். இந்த வீட்டை வாங்கியதே இதற்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கோடையில்தான் வடகரையில் இரண்டு கிளறு போதாமல் போயிற்று. முழங்கால் ஆழம் தோண்ட வேண்டியிருந்தது. பிறகு ஆளே மறையும் ஆழம். தும்பையின் நகத்தில் ஒருநாள் செம்மண் ஒட்டியது. அவள் அதை யாருக்கும் தெரியாமல் புல்லில் தேய்த்துத் துடைத்துவிட்டாள். முள்ளம்பன்றியின் நகத்திலும் செம்மண் இருந்தது. அதுவும் காலைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

கடைசியில் உப்புக்குப் பதில் செம்மண்ணே வந்தது. கொம்பையா நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"இதுல உப்பே இல்லையேம்மா."

தென்றல் நகரே கூடி யோசித்தது. அடுப்புச் சாம்பல் கிடைக்குமா என்று யாரோ கேட்டார்கள். காட்டில் அடுப்புக்கு எங்கே போவது? அப்போது அணில் துள்ளிக் குதித்தது.

"கண்ணீரு உப்புக் கரிக்கும்! எல்லாரும் மண்ணுமேல அழுவோம்!"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து செம்மண் கட்டிகளின் மேல் அழுதார்கள். வெள்ளெலி செத்துப்போன பாட்டனை நினைத்து அழுதது. முள்ளம்பன்றிக்கு அழுகையே வரவில்லை. தன் முள்ளாலேயே தன்னைக் குத்திக்கொண்டு அழுதது. அதைப் பார்த்து அணிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணிலைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மண் நனைந்தது என்னவோ உண்மை.

கொம்பையா பொறுமையாக எல்லாக் கட்டியையும் நக்கிப் பார்த்தார்.

"சிரிச்சுக்கிட்டே அழுதா உப்பு இறங்காதும்மா," என்றார். "நான் தப்பாச் சொல்லல. உப்பு இருந்தவரைக்கும் சுமந்தேன். என் கூட்டத்துக்கு உப்பு வேணும். மலைக்கு அந்தாண்ட இருக்குதாம். நாங்க போயிட்டு வர்றோம்."

அன்று எல்லோரையும் அவரவர் வாசலில் மரியாதையாக இறக்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கடமான் கூட்டம் மலைப்பக்கம் போய்விட்டது.

தும்பை வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். பொழுது ஏறியது. வெயில் கொளுத்தியது. குட்டிகள் மூன்றும் மடியை முட்டின. தண்ணீர் குடித்தால்தானே அவளுக்குப் பால் ஊறும்? மதியத்துக்குள் மடி வற்றிவிட்டது.

வாசலிலிருந்து முதன்முறையாகக் கீழே எட்டிப் பார்த்தாள். தலை சுற்றியது. குதித்துவிடலாம்தான். ஆனால் குதித்தால் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு திரும்ப ஏற முடியுமா? குட்டிகள் மேலே, அவள் கீழே என்று ஆகிவிட்டால்? குதிக்காமல் இருந்தாலோ குட்டிகளுக்குப் பால் இல்லை. எவ்வளவு ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்த வாசல்! அதன் ஓரத்தில் உட்கார்ந்து தும்பை அழுதாள். இந்தக் கண்ணீர் நன்றாகவே உப்புக் கரித்தது. நக்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பொழுது சாய்ந்தது. குளம்புச் சத்தம் இல்லாத மேடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரே அமைதி. இலை விழுந்தால் கேட்கும் அமைதி.

அந்த அமைதியில், வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

கொர்... கொர்... கொர்...

தும்பையின் காது இரண்டும் விறைத்து நின்றன. தம்பூரா! சந்தேகமே இல்லை. மெதுவாகக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி.

"தவளை இங்க எங்க வந்தான்?" என்று முதலில் திகைத்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. தவளை எங்கேயும் வரவில்லை. அவன் குளத்தில்தான் இருக்கிறான். குளம் பின்னாலேயே இருக்கிறது!

கொம்பையாவின் கொம்பு அகலம். காரை முட்புதருக்குள் அந்தக் கொம்பு நுழையாது. அதனால் கடமான்கள் மேட்டின் பின்சரிவை விட்டுவிட்டுக் காட்டையே சுற்றி வந்தன. அவர் முதுகில் போனவர்களும் சுற்றினார்கள். சுற்றிய தூரத்தையே குளத்தின் தூரம் என்று நினைத்துக்கொண்டார்கள். முயல் உடம்புக்கு எதற்கு அவ்வளவு அகலப் பாதை?

தும்பை எழுந்தாள். குட்டிகளை ஒரு மூலைக்கு நகர்த்தினாள். உப்பு மண்ணுக்காகத் தோண்டித் தோண்டிப் பழகிய நகம் இருக்கவே இருந்தது. புற்றின் உள்ளேயே கீழ்நோக்கித் தோண்டினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சரிவாக ஒரு வழி அமைத்து, அடைத்துப் பூசியிருந்த அடிச்சுவரில் முட்டினாள். சுவர் உடைந்தது. தரைமட்டத்தில் ஒரு வாசல்! குட்டிகள் மூன்றும் அதன் வழியே உருண்டு வந்து புல்லில் விழுந்தன. பிறந்ததிலிருந்து புல்லையே மிதிக்காத அவை ஆளுக்கொரு பக்கம் துள்ளின.

பின்சரிவுப் பக்கம் முள்வேலி நின்றது. கொறிக்கலாம் என்று தும்பை வாயை வைத்தாள். மூக்கில் முள் குத்தியது. அப்போது பக்கத்து வீட்டுப் புற்றிலிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"யாரு அது?" என்றாள் தும்பை.

"மாட்டிக்கிட்டவன்," என்று உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

வேலியின் அடியில் பள்ளம் பறித்து அந்தப் பக்கம் போனாள். அந்தப் புற்றின் அடியையும் தோண்டினாள். ஒரு தலை நீண்டது. பிறகு கட்டம் கட்டமாக ஓடு.

"மெத்தனண்ணே! நீங்களா?"

குளக்கரையில் அடுத்த வளையில் இருந்த அதே ஆமை.

"நீயா தும்பை?" என்றது ஆமை. "உன் வீட்டுக் கூச்சல் தாங்காமத்தான் நான் தூரமா வீடு பார்த்துக்கிட்டு வந்தேன். இத்தனை நாளும் பக்கத்துலயா இருந்த?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தும்பைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆமைக்கும் ஓடு குலுங்கியது.

"அண்ணே, குளம் இந்தச் சரிவுக்குக் கீழதான் இருக்கு. தம்பூரா பாட்டைக் கேளுங்க. நடுவுல வேலியும் முட்புதரும்தான். எனக்கு முள்ளு குத்துது."

"எனக்குக் குத்தாது," என்றது ஆமை.

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னே நகர்ந்தது. முள்கள் ஓட்டில் பட்டு முறிந்தன. வேலி சாய்ந்தது. புதருக்குள் ஆமை போன இடமெல்லாம் வட்டமாக ஒரு குகைவழி உண்டானது. சரியாக ஒரு முயல் நுழையும் அளவு. மூன்று குட்டிகளையும் முன்னால் விட்டுக்கொண்டு தும்பை பின்னால் போனாள். தவளைப் பாட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு ஆசையாக ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

புதர் முடிந்தது. எதிரே நாவல்குளம் தளதளவென்று கிடந்தது.

தும்பை முகத்தைத் தண்ணீரில் அழுத்திக் குடித்தாள். நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். ஈரப்புல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் மடி கனத்தது. குட்டிகள் மூன்றும் முட்டி மோதிக் குடித்தன.

தம்பூரா பாட்டை நிறுத்தினான். "மன்னிச்சுக்க தங்கச்சி. புள்ளைங்க இருக்குன்னு கவனிக்கல. மெதுவாப் பாடுறேன்."

"ஐயோ வேணாம் அண்ணே," என்றாள் தும்பை. "மேட்டுல இன்னும் பல பேரு வழி தெரியாம உட்கார்ந்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடுங்க."

தவளைக்கு இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதே கிடையாது. தொண்டையைப் பந்து மாதிரி ஊதிக்கொண்டு அவன் பாடிய பாட்டில் குளமே அதிர்ந்தது. தும்பை மேட்டுக்குத் திரும்பி ஓடி, ஒவ்வொரு புற்றாக அடிவாசல் தோண்டிக் கொடுத்தாள். ஆமை வேலிகளை முட்டித் தள்ளியது. விடிவதற்குள் தென்றல் நகரே வரிசையாகக் குகைவழியில் இறங்கி வந்தது.

எல்லோருக்கும் அது போதவில்லை. மேட்டின் கோடியில் புற்று வாங்கிய முள்ளம்பன்றியின் தம்பி குடும்பத்துக்கு இந்தக் குறுக்குவழியும் எட்டவில்லை. அவர்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வந்தபோது முகம் வாடித்தான் இருந்தது. தும்பை தன் முற்றத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தாள். வேலியே இல்லாத முற்றத்தில் பாதி எது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதனால் சண்டையும் வரவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் ஓணானைத் தேடிப் பிடித்தார்கள்.

"தண்ணிக்குக் கஷ்டமில்லைன்னு தலையாட்டினியே?"

"நான் எங்க சொன்னேன்? இது பொறவியிலேயே ஆடுற தலை," என்றான் செதிலன்.

தும்பை ஒரு கணம் யோசித்தாள். "சரி. இத்தனை கஷ்டத்துக்கும் நீதானே காரணம்?"

ஓணானின் தலை ஆடியது. பிடித்து நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

"மிச்சமிருக்கிற வேலியை எல்லாம் நீயே பிரிச்சுப் போடுறியா?"

அதற்கும் ஆடியது.

"இன்னைக்கே?"

அன்றைக்கே பிரித்துப் போட்டான். கூட்டமாகச் சுற்றி நின்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. தம்பூரா அது தன்னால்தான் வந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். மேட்டுக் குட்டிகளும் குளத்துக் குட்டிகளும் குகைவழியில் நாளெல்லாம் ஏறி இறங்கி விளையாடின. தும்பையின் இடுப்பு மடிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. உயரத்து வாசல்களில் காட்டுப்புறாக்கள் கூடு கட்டின.

ஒருநாள் கொம்பையா வந்து நின்றார். "மலைக்கு அந்தாண்ட உப்பு மண் குவிஞ்சு கிடக்கும்மா. இன்னொரு நகர் போடலாம்னு ஓணான் சொல்லி அனுப்பியிருக்கான். ஒரு கட்டிதான். ஏறிக்கிறியா?"

உட்கார்ந்த இடத்தில் தென்றல் வீசுகிற அந்த முதுகைத் தும்பை ஒரு தடவை பார்த்தாள். சுகமான முதுகுதான். இல்லையென்று சொல்ல முடியாது.

"வாங்கண்ணே, தண்ணி குடிங்க," என்றாள். "புள்ளைங்களை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. ஆசைப்படுதுங்க. ஆனா தரையில இறக்கி விடணும். எங்க வாசல் இப்ப கீழதான் இருக்கு."

கொம்பையா சிரித்துக்கொண்டே குனிந்தார். குட்டிகள் கூச்சலிட்டபடி ஏறின. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியதும் நேரே அம்மாவிடம் ஓடிவந்தன, தங்கள் காலாலேயே.

மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது என்றாவது ஒருநாள் தீரும். ஆகையால் வீடு கட்டுகிறவர் எவ்வளவு சுகமான முதுகு கிடைத்தாலும் தம் கால் எட்டும் உயரத்தில் வாசலையும் கால் எட்டும் தூரத்தில் தண்ணீரையும் வைத்துக்கொள்ள வேண்டும்.